லெமான் ஏரிக்கரையில் நீனா சிமோன்

ஜெனீவாவில் ரயிலேறி மோன்த்ரோவுக்குச் செல்கிறவர்கள், இடம் கிடைக்குமானால், வண்டியின் வலப்பக்கத்து ஜன்னலை ஒட்டி அமர்வது உசிதம். லோசான் நகரம் வரையில் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் பின்னே மறைந்து மறைந்து தென்படும் லெமான் ஏரி, அந்நகரைக் கடந்த சில நிமிஷங்களில் முழுமையாக வெளிப்பட்டு, எதிர்க்கரையில் பிரான்ஸ் தேசத்து மலைகள் நீலமாக நிற்க, தண்டவாளத்தின் காலடி வரையில் வந்து விடுகிறது. இடப்பக்கத்திலோ லாவோ என்ற பிரதேசத்தின் திராட்சைத் தோட்டங்கள், கற்சுவர் எழுப்பிய படிக்கட்டுகளாக, மலையின் இடுப்பு வரையில் ஏறிச் செல்கின்றன. பதினொன்றாம் நூற்றாண்டு தொடங்கித் துறவிகள் கல்லைப் புரட்டிச் சுவர் வைத்து உண்டாக்கிய அந்தப் படிகளை, 2007-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. இந்தக் கொடிகளுக்கு மூன்று சூரியன்கள் உண்டு என்று அவ்வூர்க் குடியானவர்கள் சொல்வார்கள்: வானத்துச் சூரியன் ஒன்று, ஏரி நீரில் பட்டுத் திரும்பும் ஒளி மற்றொன்று, பகலெல்லாம் வெயில் குடித்து இரவில் அதைத் திருப்பிக் கொடுக்கும் கற்சுவரின் வெம்மை மூன்றாவது.

ஜூலை மாதத்தில் அந்த வழியே நான் பிரயாணம் செய்ததற்கு ஏரியோ மலையோ காரணம் அல்ல. மோன்த்ரோவில் ஆண்டுதோறும் கோடையில் இரண்டு வார காலம் ஜாஸ் சங்கீத விழா நடக்கிறது. அவ்விழாவில் 1968, 1976, 1981, 1987, 1990 ஆகிய ஆண்டுகளில், பியானோ வாசித்துக்கொண்டே பாடிய நீனா சிமோன் என்ற கறுப்பு அமெரிக்கப் பெண்மணியின் சங்கீதத்தில் பல காலமாக மனத்தைப் பறிகொடுத்தவன் நான். அவருடைய குரலைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. ஆணின் குரலோ பெண்ணின் குரலோ என்று பிரமிக்கும்படியான அந்தக் கனத்த, சற்றே கரடுமுரடான மிடற்றைப் புகழாதவர் இல்லை. ஆனால் அவருடைய கைகளைப் பற்றிப் போதிய அளவு யாரும் பேசவில்லை என்பது என் நெடுநாளைய குறை. அவர் பாடியதெல்லாம் கைகள் முதலில் சொல்லி, குரல் அதன் பின்னே வந்து சேர்ந்ததுதான் என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கையை, அவர் நின்ற இடத்திலேயே போய் நின்று சோதித்துப் பார்க்கும் ஆசையே என்னை அங்கே இழுத்துச் சென்றது.

மோன்த்ரோ மலைக்கும் நீருக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட ஊர். சமதரை என்று சொல்லத்தக்கது ஏரிக்கரைச் சாலை ஒன்றுதான்; மற்றத் தெருக்களெல்லாம் ஏறுகின்றன அல்லது இறங்குகின்றன. ரயில் நிலையத்திலேயே மூன்று விதமான அகலமுள்ள தண்டவாளங்கள் அருகருகே கிடக்கின்றன. அவற்றில் மிகக் குறுகியது, பல்சக்கரத்தின் துணைகொண்டு, 2,042 மீட்டர் உயரமுள்ள ரோஷே த நாயே என்ற சிகரத்துக்கு ஏறுகிறது. வடகாற்றை மலை தடுத்து விடுவதால் ஏரிக்கரையில் பனை இனத்து மரங்கள் கூடத் தழைத்து நிற்பதைக் கண்டு, ஆல்ப்ஸ் மலையின் மடியில் இருக்கிறோமா, தென்கடற்கரை ஏதாவது ஒன்றில் இருக்கிறோமா என்று புதிதாக வருகிறவர் திகைக்க நேரும்.

கலைஞர்களுக்கு இந்தக் கரை நெடுங்காலமாகவே இசைந்து வந்திருக்கிறது. பக்கத்திலுள்ள ஷியோன் கோட்டையின் நிலவறையைப் பார்த்து விட்டுப் பைரன் 1816-இல் ஒரு காவியம் செய்தார். ஊரின் ஒரு பகுதியான கிளாரன்ஸில் குடியிருந்த ஸ்ட்ராவின்ஸ்கி, இருபதாம் நூற்றாண்டுச் சங்கீதத்தையே புரட்டிப்போட்ட ‘வசந்தத்தின் வேள்வி’யின் பெரும்பகுதியை ஒரு சிறிய அறையிலிருந்து எழுதினார். நபக்கோவ் தம் இறுதி ஆண்டுகளை இங்குள்ள மோன்த்ரோ பேலஸ் ஹோட்டலிலேயே கழித்தார். ஆனாலும் 1960-களின் நடுவில் இவ்வூர், வயது முதிர்ந்த செல்வந்தர்கள் வெயில் காய வந்து போகும் இடமாகச் சற்றே களையிழந்து கிடந்தது என்றே சொல்ல வேண்டும்.

அப்போது ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் கிளோட் நாப்ஸ். சமையற்கலை பயின்றவர், ஜாஸ் சங்கீதத்தில் தீராத மோகம் கொண்டவர். வெளியூராரை இவ்வூருக்கு வரவழைக்க என்ன வழி என்று மேலதிகாரிகள் யோசித்துக்கொண்டிருக்க, அவர் ஜெயோ வூமார், ரெனே லாங்கெல் என்ற இரு நண்பர்களுடன் கூடி, 1967-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பத்தாயிரம் பிராங்கு மூலதனத்தில், மூன்று நாள் விழா ஒன்றை ஊர்க் கஸினோ மாளிகையில் நடத்தினார். சார்லஸ் லாயிட் என்ற சாக்ஸபோன் வித்வானின் குழுவும், அக்குழுவில் பியானோ வாசித்த கீத் ஜாரெட் என்ற இளைஞரும் அந்த முதல் ஆண்டிலேயே வந்தார்கள். 1971 டிசம்பரில், பிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது சபையில் ஒருவன் சுட்ட தீப்பொறியினால் அந்தக் கஸினோ முழுதும் எரிந்து போயிற்று. அதைப் பற்றிய ராக் பாட்டு உலகப் பிரசித்தம், ஆகையால் நான் விவரிக்கத் தேவையில்லை. 1975-இல் புதுக் கஸினோ எழும்பியது. நான் தேடி வந்த 1976-ஆம் வருஷத்துக் கச்சேரி அந்தப் புதுக் கட்டடத்தில் நடந்ததுதான்.

இன்று விழா மிகப் பெரிதாக வளர்ந்து விட்டது. இரண்டு வாரங்களில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வந்து போகிறார்கள் என்கிறார்கள். 1993-இல் கட்டப்பட்ட ஸ்ட்ராவின்ஸ்கி அரங்கைப் புதுப்பிக்கும் வேலை நடந்ததால், 2024-இல் ஏரி நீரின் மேலேயே ஒரு மேடை கட்டிப் பாடவைத்தார்கள். ஏரிக்கரைச் சாலை நெடுகிலும் உணவுக் கடைகள், இலவச மேடைகள், நீரில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் இளைஞர் கூட்டம். எத்தியோப்பியச் சாப்பாட்டின் மணமும், வெண்ணெய் உருகும் மணமும், ஏரியின் பாசி வாசனையும் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன. இந்தக் கோலாகலத்தை நான் குறை கூற மாட்டேன்; சங்கீதத்தை நாடி இத்தனை ஜனங்கள் ஓரிடத்தில் கூடுவது நல்ல காரியம். ஆனால் என் மனம் தேடியது பழைய ஓர் இரவை ஆனபடியால், கூட்டத்தில் நடந்துகொண்டே அந்த அம்மையாரின் பூர்வ கதையை நினைவுக்குக் கொண்டுவந்தேன். அக்கதையைத் தெரிந்துகொள்ளாமல் அந்த இரவை விளங்கிக்கொள்ள இயலாது.

அமெரிக்காவின் வட கரோலைனா மாகாணத்தில் ட்ரையன் என்ற மலையடிவாரத்துச் சிற்றூரில், 1933 பிப்ரவரி 21-ஆம் தேதி, எட்டுக் குழந்தைகளில் ஆறாவதாகப் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் யூனிஸ் கேத்லீன் வேமன். தாயார் மெதடிஸ்ட் சபையின் போதகர். வயிற்றுப் பாட்டுக்காக ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் வீட்டு வேலையும் செய்து வந்தார். மூன்று நான்கு வயதிலேயே கோயில் ஆர்கனில் கீதங்களைத் தாமாகவே வாசித்த குழந்தையைக் கண்டு, அந்த எஜமானி அம்மாள் பாடச் செலவை ஏற்க முன்வந்தாள். இங்கிலாந்தில் பிறந்து அவ்வூரில் குடியேறியிருந்த மஸனோவிச் என்ற ஆசிரியை அக்குழந்தைக்குப் பாக் என்ற மகா வித்வானின் உருப்படிகளைக் கற்பித்தார். இரண்டு கைகளும் வெவ்வேறு மெட்டுகளை வாசித்து, ஒன்றையொன்று துரத்தி, ஒன்றுக்கொன்று விடை சொல்லி, கடைசியில் ஒரே கட்டடமாக எழும்பும் அந்தச் சங்கீதத்தைக் கேட்ட அன்றே தம் வாழ்க்கை இன்னதென்று முடிவாகிவிட்டதாகப் பிற்காலத்தில் சிமோன் கூறியிருக்கிறார். மேலே படிக்கட்டும் என்று, கறுப்பர் வெள்ளையர் இருசாராரும் பணம் போட்டு ஒரு நிதி திரட்டினார்கள்.

அந்த நிதிக்கு நன்றி கூறும் முகமாகப் பதினொரு பன்னிரண்டு வயதில் அவர் செய்த முதற் கச்சேரியில் ஒரு சம்பவம் நிகழ்ந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெற்றோரை எழுப்பி, அவ்விடத்தை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். பெற்றோர் பேசாமல் எழுந்தார்கள். சிறுமி பேசினாள்: அவர்கள் முன்வரிசைக்குத் திரும்பினாலொழியத் தான் வாசிக்கப் போவதில்லை என்றாள். திரும்பினார்கள். பிறகே வாசித்தாள். பியானோவின் முன் அமர்ந்துகொண்டு, சபையார் ஒழுங்காக அமரும் வரையில் விரலை அசைக்காமல் இருக்கும் அந்தத் திடசித்தம் அவரிடம் கடைசிவரை மாறவே இல்லை.

அவருடைய லட்சியம், அமெரிக்காவில் பெயர் பெற்ற முதல் கறுப்பினச் சாஸ்திரீயப் பியானோ வித்வாம்சினி ஆவது. நியூயார்க்கில் ஜூலியார்ட் பள்ளியில் ஒரு கோடைகாலம் பயின்று தயார் செய்துகொண்டு, 1951-இல் பிலடெல்பியாவிலுள்ள கர்ட்டிஸ் சங்கீதக் கழகத்தில் இடம் கேட்டு வாசித்துக் காட்டினார், இடம் கிடைக்கவில்லை. தம் நிறமே அதற்குக் காரணம் என்று ஆயுள் முழுதும் அவர் நம்பினார். கழகத்தைச் சேர்ந்தோர் அவ்வாறு இல்லை என்று மறுத்தார்கள். காரணம் எதுவாயினும் அந்தக் காயம் ஆறவில்லை என்பது நிச்சயம். பிலடெல்பியாவிலேயே தங்கி, பாட்டுக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பிழைத்தார். கழகத்தில் கற்பித்த ஆசிரியர் ஒருவரிடமே தனியாகப் பாடமும் கேட்டார். அதற்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்துக்காகத்தான் 1954-ஆம் வருஷக் கோடையில் அட்லாண்டிக் ஸிடி என்ற கடற்கரை ஊரில், மிட்டவுன் என்ற மதுக்கடையில் வாரம் தொண்ணூறு டாலர் சம்பளத்துக்கு வாசிக்கப் போனார்.

அங்கே தமக்குத் தெரிந்த பாக்கையும், கோயிற் பாட்டையும், ஊரில் வழங்கிய சினிமாப் பாட்டையும் ஒன்றாகக் குழைத்து நள்ளிரவு கடந்தும் வாசித்தார். வாசித்துக்கொண்டே ஒரு குவளைப் பால் அருந்தினார். முதல் இரவு முடிந்ததும் கடைக்காரர் வந்து, வாசிப்பது நன்றாகத்தான் இருக்கிறது, ஏன் பாடவில்லை என்று கேட்டார். பியானோ வாசிப்பதுதான் தம் தொழில் என்று பதில் வந்தது. நாளை இரவு பாடினால் வேலை உண்டு, பாடாவிட்டால் இல்லை என்று அவர் சொல்லிப் போய்விட்டார். மறுநாள் பாடினார். மதுக்கடையில் பாடும் செய்தி போதகரான தாயாரின் காதுக்கு எட்டாமலிருக்க, நீனா என்ற செல்லப் பெயரோடு, ஸிமோன் ஸின்யோரே என்ற பிரெஞ்சு நடிகையின் பெயரில் பாதியைச் சேர்த்து வைத்துக்கொண்டார்.

இதை நான் இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலகம் போற்றிய அந்தக் குரல் ஒரு நிர்ப்பந்தத்தினால் வெளிவந்தது. அவர் தாமாக விரும்பி ஏற்ற சாதனம் பியானோ; இருபது வருஷம் நாள்தோறும் மணிக்கணக்கில் அதன் முன் தவம் கிடந்தவர். ஆகவே பாட நேர்ந்தபோது, மற்றப் பாடகிகள் பியானோவைக் குரலுக்குக் குற்றேவல் செய்ய வைப்பதுபோல அவர் வைக்கவில்லை. குரலை மூன்றாவது கையாக ஏற்றுக்கொண்டார். இடக்கை ஒரு மெட்டு, வலக்கை ஒரு மெட்டு, மிடறு ஒரு மெட்டு. 1950-களின் இறுதியில் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டில் ‘லிட்டில் கேர்ள் புளூ’ என்ற பாட்டைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ராட்ஜர்ஸ், ஹார்ட் என்ற இருவர் நாடக மேடைக்கு எழுதிய அந்தத் துயரப் பாட்டுக்கு அடியில், கிறிஸ்துமஸ் காலத்தில் குழந்தைகள் பாடும் வென்சஸ்லாஸ் மன்னன் கீதத்தின் மெட்டைப் பியானோவில் ஓடவிடுகிறார். பாட்டு ஒரு வழியும் கீதம் ஒரு வழியுமாகப் போய், மோதாமல், விலகாமல், ஒன்றுக்கொன்று நிழல் கொடுத்துக்கொண்டு நடக்கின்றன. பாக்கிடம் பயின்ற கைகளுக்கே சாத்தியமான காரியம் அது. ஆனால் அந்தத் தட்டின் உரிமையை மூவாயிரம் டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டதனால், பின்னர் அது சம்பாதித்த லட்சக்கணக்கான டாலரில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு புகழ் வந்தது. 1963 செப்டம்பரில் பர்மிங்ஹாம் நகரத்துக் கறுப்பர் கோயிலில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்ற செய்தியைக் கேட்டது முதல், அவருடைய பாட்டு சமத்துவப் போராட்டத்தின் ஆயுதமாகவும் ஆயிற்று. 1968 ஜூனில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு இரண்டு மாதங்கள் கழிந்த சமயத்தில், அவர் மோன்த்ரோவுக்கு முதன்முறையாக வந்தார். விழாவுக்கும் அது இரண்டாவது வயது. தம்பி ஸாம் வேமன் ஆர்கன் வாசிக்க, கிட்டார், பாஸ், முரசு ஆகியவற்றுடன் முழுக் குழுவும் இருந்தது. ஒலிப்பதிவில் கேட்டால் குரல் வாள் போல இருக்கிறது. தாளம் ஓரிடத்திலும் தளரவில்லை. பிரெஞ்சு பேசும் சபைக்கு ஜாக் பிரெல்லின் பாட்டைப் பிரெஞ்சிலேயே பாடினார். அப்பழுக்கற்ற கச்சேரி. ஆயினும் அதைத் தேடி நான் இத்தனை தூரம் வந்திருக்க மாட்டேன்.

1976 ஜூலை 3-ஆம் தேதி இரவுக் கச்சேரியை, நினைத்தபோதெல்லாம் பார்க்கும்படியாக இன்று செய்திருப்பதற்கும் கிளோட் நாப்ஸுக்கே நன்றி செலுத்த வேண்டும். தொடக்கம் முதலே ஒவ்வொரு கச்சேரியையும் தக்க கருவிகளைக் கொண்டு பதிவு செய்து, கோ என்ற மலைக் கிராமத்திலுள்ள தம் மரவீட்டில் பொக்கிஷம்போல் காத்து வைத்தார் அவர். 2012-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பனிச்சறுக்கில் விழுந்து, மறு ஜனவரியில் அவர் காலமானார். அதே 2013-இல் ஐயாயிரம் மணி நேரத்துக்கு மேற்பட்ட அந்தப் பதிவுகளை யுனெஸ்கோ உலக ஞாபகப் பதிவேட்டில் சேர்த்தது. லோசானிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தார் அவற்றையெல்லாம் கணிப்பொறி வடிவத்துக்கு மாற்றி, தங்கள் வளாகத்தில் ஒரு சிற்றுண்டிச் சாலையை ஒட்டி யார் வேண்டுமானாலும் பார்த்துக் கேட்க வசதி செய்திருக்கிறார்கள். லோசானிலிருந்து நகர ரயிலில் சிறிது நேரத்தில் அங்கே போய்விடலாம். பெளதிகம் படிக்கும் மாணவர்கள் பக்கத்து மேஜைகளில் காப்பி அருந்திக்கொண்டிருக்க, நான் கேட்பொறியைக் காதில் மாட்டிக்கொண்டு, முன்பே பலமுறை பார்த்த அந்தப் படத்தை முதன்முறை பார்ப்பவனைப் போல நெஞ்சு படபடக்கப் பார்க்கத் தொடங்கினேன்.

கறுப்பு உடை, குறுக வெட்டிய கூந்தல், வெள்ளி அணிகள். மேடைக்கு வருகிறார். பியானோவின் விளிம்பைத் தொட்டவாறு சபைக்குத் தலை வணங்குகிறார். வணங்கிய தலையை நெடுநேரம் நிமிர்த்தவே இல்லை. நிமிர்ந்த பிறகும் பேசவில்லை, சிரிக்கவில்லை. கைதட்டும் ஜனங்களை யாரோ எவரோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கிறதா, பயம் இருக்கிறதா, அலுப்பு இருக்கிறதா என்று என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. கைதட்டல் தானே ஓய்ந்து, சபையில் ஒரு சங்கடமான மெளனம் பரவுகிறது. பிறகு உட்கார்ந்து ஒலிவாங்கியில் நிதானமாகப் பேசுகிறார்: 1968-க்குப் பிறகு உங்களைப் பார்க்கிறேன், ஜாஸ் விழாக்களில் இனிப் பாடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், அந்த முடிவில் மாற்றம் இல்லை, இன்று சிறிது நேரம் உங்களோடு இருந்துவிட்டு மேல் வகுப்புக்குப் போகப் போகிறேன், நீங்களும் கூட வருவீர்களென்று நம்புகிறேன். இந்தக் கருத்தில் பேசிவிட்டு, ஆதியிலிருந்தே தொடங்குவோம், ஒரு சிறுமி இருந்தாள் என்று கதை சொல்பவரைப் போல ‘லிட்டில் கேர்ள் புளூ’வை எடுக்கிறார்.

அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. மண வாழ்க்கை முறிந்து, அமெரிக்காவை விட்டு வெளியேறி, பார்படோஸ் தீவிலும், பாடகி மிரியம் மகேபாவின் அழைப்பின் பேரில் 1974 முதல் லைபீரியாவிலும் வாழ்ந்து, மேடையைப் பெரும்பாலும் துறந்து, கையில் பொருள் இன்றி ஐரோப்பாவுக்குத் திரும்பியவர். பின்னாளில் மருத்துவர்கள் பெயர் சூட்டி மருந்து கொடுத்த மனப்பிணியும் அப்போதே அவரை அலைக்கழித்திருக்க வேண்டும். இவையெல்லாம் குரலில் தெரிகின்றன. எட்டு வருஷத்துக்கு முன்பிருந்த வாள் மழுங்கியிருக்கிறது; சில இடங்களில் ஸ்வரம் சேரவில்லை; வார்த்தைகள் மறந்து புதிய வார்த்தைகள் வருகின்றன. ஆனால் கைகளைப் பாருங்கள்! குரல் எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே இடக்கை அடுத்த படியைக் காட்டுகிறது. குரல் கேள்வியாக நின்றுவிட்ட ஓரிடத்தில் வலக்கை மூன்றே விரல்களால் மேல்ஸ்தாயியில் பதில் சொல்கிறது. துயரத்தில் தடுமாறும் ஒருத்தியை அவளுடைய கைகளே தாங்கி நடத்திச் செல்வதை நான் வேறெந்தக் கச்சேரியிலும் கண்டதில்லை.

நடுவே, ஜேனிஸ் ஐயன் எழுதிய ‘ஸ்டார்ஸ்’ என்ற பாட்டைத் தொடங்கும் சமயத்தில், சபையில் யாரோ ஒரு பெண் எழுந்து நடமாடுகிறாள். சிமோன் வாசிப்பை நிறுத்தி, உட்காரச் சொல்கிறார். அவள் உடனே உட்காராததால் மறுபடியும், குரலை உயர்த்தாமலே, உட்காரும்படி ஆணையிடுகிறார். அவள் உட்கார்ந்த பிறகே விரல்கள் இறங்குகின்றன. இதை ஒரு கலைஞரின் கர்வத்துக்கு உதாரணமாகச் சிலர் எடுத்துச் சொல்கிறார்கள். ட்ரையன் ஊரில் பெற்றோருக்காக வாசிக்க மறுத்த சிறுமியை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தம் சங்கீதத்தை மதுக்கடையின் பின்னணி ஓசையாக யாரும் பாவிக்கக் கூடாது என்பதில் அவர் சமரசம் செய்துகொண்டதே இல்லை. கர்ட்டிஸ் கழகத்தின் மேடையில் ஏறியிருந்தால் கேளாமலே கிடைத்திருக்கும் அந்த நிசப்தத்தை, ஜாஸ் மேடையில் அவர் ஒவ்வொரு இரவும் போராடிப் பெற வேண்டியிருந்தது.

‘ஸ்டார்ஸ்’ முடிந்தும் முடியாததுமாக, அக்காலத்தில் உலகமெங்கும் வானொலிகள் ஓயாது ஒலிபரப்பிக்கொண்டிருந்த ‘ஃபீலிங்ஸ்’ என்ற காதற் பாட்டுக்கு அவர் மாறுகிறார். மோரிஸ் ஆல்பர்ட் என்ற பிரேசில் நாட்டுக்காரர் பாடிப் பிரசித்தமான அந்தப் பாட்டு, என் அபிப்பிராயத்தில், சாதாரணமானது. சிமோனுக்கும் அதில் மதிப்பு இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்தி, இப்படி ஒரு பாட்டை எழுத வேண்டிய நிலைமை ஒரு மனிதருக்கு ஏற்பட்டதே என்று பரிதாபப்படுகிறார். சபை சிரிக்கிறது. அவர் சிரிக்கவில்லை. கூடச் சேர்ந்து பாடுங்கள் என்று ஜனங்களைத் தூண்டிவிட்டு, அந்தச் சாதாரண மெட்டைப் பிடித்துக்கொண்டு பியானோவுக்குள் இறங்குகிறார்.

அடுத்த சில நிமிஷங்களை எழுத்தில் கொண்டுவர முயல்வது துணிவுதான், ஆயினும் முயல்கிறேன். முதலில் மெட்டு அப்படியே வருகிறது, ஒற்றை விரலில் வாசிக்கத்தக்க எளிமையோடு. பிறகு இடக்கையில் பாஸ் ஸ்வரங்கள் படிப்படியாக இறங்கத் தொடங்குகின்றன. கோயில் ஆர்கனின் காம்பீரியம் அவற்றுக்கு வந்துவிடுகிறது. வலக்கை அந்த மெட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மற்றப் பாதி துரத்தும்படி செய்கிறது. அங்கே பாக் வந்துவிட்டார். மேலும் சற்று நேரத்தில் இரண்டு கைகளும் விசைப்பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அலை அலையாக எழுந்து விழ, பெரிய வாத்திய கோஷ்டியோடு வாசிக்கும் ஐரோப்பியக் கச்சேரி உருப்படியின் உச்சம் போல அந்தச் சிறிய பாட்டு ஓங்கி நிற்கிறது. எந்த உருப்படிகளை வாசிப்பதற்காகப் பிறந்தாரோ, எவற்றுக்காக வாசல் அடைக்கப்பட்டதோ, அவற்றையெல்லாம் வானொலிப் பாட்டு ஒன்றின் உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அப்போது காமிரா அவருடைய முகத்தை நெருங்கிக் காட்டுகிறது. உதடு மூடியிருக்கிறது, கண்ணில் நீர் கட்டியிருக்கிறதோ என்று தோன்றுகிறது. குரலுக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை.

பக்கத்து மேஜை மாணவன் ஒருவன் என் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் வேண்டுமா என்று பிரெஞ்சில் கேட்டான். வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, அந்தப் பகுதியை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன்.

தமிழ் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய மற்றொரு செய்தியும் அதே பெட்டகத்தில் இருக்கிறது. அதே 1976-ஆம் வருஷ விழாவில், கிட்டார் வித்வான் ஜான் மெக்லாக்ளின் அமைத்த ‘சக்தி’ குழுவும் வாசித்தது. ஜாஸ் ரசிகர்களுக்கென்று எழுப்பிய சபையில் எல். சங்கரின் வயலினும், விக்கு விநாயக்ராமின் கடமும், ஸாகிர் உசேனின் தபலாவும் சமமாக உட்கார்ந்து முழங்கின. அமெரிக்க மதுக்கடையில் பாக்கை ஒளித்து வாசித்த பெண்மணியும், கச்சேரி மேடையின் ஓரத்திலிருந்து கடத்தை உலக மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்த வித்வானும் ஒரே கோடையில் ஒரே ஊரில் வந்து போயிருக்கிறார்கள். எது ஜாஸ், எது அல்ல என்று எல்லை கட்டுவதில் நாப்ஸ் அக்கறை காட்டாததன் பயன் இது. அதற்காக அவரைக் கடிந்துகொண்ட விமரிசகர்கள் இருந்தார்கள். நான் அவர் பக்கம்தான்.

மாலையில் மோன்த்ரோவுக்குத் திரும்பி, கஸினோவில் நடந்த சிறிய கச்சேரி ஒன்றுக்குப் போயிருந்தேன். இளம்பெண் ஒருத்தி பியானோ வாசித்துக்கொண்டே பாடினாள். நல்ல சாரீரம், சுத்தமான விரல். ஆனால் பாடும்போது கைகள் தூங்கின, கைகள் விழித்தபோது பாட்டு நின்றுவிட்டது. இரண்டையும் ஒருங்கே விழிக்க வைப்பது எத்தனை அபூர்வமான சித்தி என்பது அப்போதுதான் முழுதும் உறைத்தது. மிடற்றுக்கு மூச்சு வேண்டும், விரலுக்கு லயம் வேண்டும்; மூச்சு தன் விருப்பப்படி நீளவும் குறையவும் பார்க்கும், லயம் விடாது. பாடகி தனியாகவும் வாத்தியக்காரர் தனியாகவும் இருந்தால் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்துச் சமாதானம் செய்துகொள்வார்கள். ஒரே உடம்பில் இரண்டும் இருக்கும்போது அந்த வழக்கை உள்ளேயே தீர்த்தாக வேண்டும். சிமோன் தீர்த்த விதம், காலப்பிரமாணத்தைக் கைகளிடம் ஒப்படைத்துவிட்டு, குரலை அதற்குச் சற்றுப் பின்னே, கடைசி க்ஷணத்தில் வந்து சேரும்படி விட்டதுதான். அந்தச் சிறு தாமதத்தில்தான் கேட்பவருடைய நெஞ்சு பிடிபடுகிறது.

பிற்கால வருகைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1987-இல் அவர் வந்தபோது, வாசனைத் திரவிய விளம்பரம் ஒன்றில் பயன்பட்டதன் மூலம் அவருடைய பழைய பாட்டு ஒன்று இங்கிலாந்தில் திடீரென்று பிரபலமாகியிருந்தது; சபை அதைக் கேட்டு ஆர்ப்பரித்தது, அவரும் உற்சாகமாகவே இருந்தார். 1990-இல் கடைசி முறை. 2003 ஏப்ரல் 21-ஆம் தேதி பிரான்சின் தென்கரையில் அவர் உயிர் நீத்தார். அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் கர்ட்டிஸ் கழகம் அவருக்குக் கெளரவப் பட்டம் வழங்க முன்வந்தது. பிறந்த ட்ரையன் வீட்டை, இடிபடாமல் காக்கும் பொருட்டுக் கறுப்பினக் கலைஞர் நால்வர் 2017-இல் விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

இந்த ஊருக்கு வர இயலாதவர்கள் கூட 1968, 1976 ஆகிய இரண்டு கச்சேரிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கலாம், பதிவுகள் வெளியாகியிருக்கின்றன. முதலாவதே சிறந்தது என்று சங்கீதம் அறிந்த பலர் தீர்ப்புச் சொல்வார்கள். குரல் வளம், குழுவின் கட்டுக்கோப்பு, பாட்டுகளின் தேர்வு என்று அதற்கு நியாயமும் இருக்கிறது. நான் இரண்டாவதையே மேலாக வைக்கிறேன். 1968-இல் நாம் கேட்பது ஒரு மகத்தான பாடகியை. 1976-இல் கேட்பது, அந்தப் பாடகிக்கும் முன்னால் இருந்த பியானோ மாணவியை. வார்த்தை தவறட்டும், ஸ்வரம் பிசகட்டும், பாட்டு பாதியில் நின்று பேச்சாகட்டும். ‘லிட்டில் கேர்ள் புளூ’ தொடங்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு குரலைச் சற்றே மறந்து, இடக்கையை மட்டும் பின்தொடர்ந்து செல்லுங்கள். பாட்டு எங்கே போகிறது என்பதை அது ஒவ்வொரு முறையும் குரலுக்கு ஒரு கணம் முன்னதாகவே சொல்லிவிடுகிறது.